அப்பம்மா வீட்டுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

மகளும் மருமகனும் விவாகரத்து எடுத்து மூன்று வருசம். அவர் கனடாவில். பேரன் எங்களோடு கொக்குவிலில் இருக்கிறான், தரம் 4 படிக்கிறான். அப்பா வருவார் என்றுதான் இதுவரை சொல்லி வைத்திருக்கிறோம். போன மாதம் மருமகனுக்கு அங்கே பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. வட்டுக்கோட்டையில் இருக்கிற சம்பந்தி, பேரனை நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போகக் கேட்கிறா. அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். காசும் மருமகன் ஒழுங்காக அனுப்புவதில்லை. ஞாயிறுகளில் வட்ஸ்அப்பில் கதைப்பார். அப்போது பேரன் சிரிக்க முதல் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான். புலமைப்பரிசில் முடியும்வரை மறைக்கலாமா?

— ஓர் அம்மம்மா

அன்புள்ள அம்மா,

மறைக்க வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல்தான். அதுவரை எத்தனை பொய் சொல்வீர்கள்? அங்கே முகநூலில் ஒரு படம் போட்டால் அன்றைக்கே இங்கே ஊருக்குத் தெரியும். ரியூசனில் பக்கத்தில் இருக்கிற பெடியன் ஒருநாள் "உன்ர கொப்பருக்குப் பிள்ளை பிறந்திருக்காம்" என்பான். அப்பா வரமாட்டார் என்பதும், அம்மாவும் அம்மம்மாவும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரியவரும். அப்பா வராத துக்கம் மெல்ல ஆறிவிடும். உங்கள் பேச்சை மட்டும் பிறகு யோசித்துத்தான் நம்புவான்.

அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பாவோடு சிரித்தால் அம்மம்மாவுக்கு நோகுமோ என்று அந்தச் சின்ன மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. மருமகனில் உங்களுக்குக் கோபம் இருக்கட்டும், நியாயமான கோபம்தான். ஆனால் அழைப்பு வரும் நேரம் குசினிக்கோ கிணற்றடிக்கோ போய்விடுங்கள். அவன் தனியக் கதைக்கட்டும்.

சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, மகள். "நானும் அப்பாவும் இனிச் சேர்ந்து இருக்க மாட்டோம். அது உன்னால வந்தது இல்லை. அப்பாவுக்கு அங்க ஒரு பிள்ளை பிறந்திருக்கு, உனக்குத் தங்கச்சி. நீ அப்பாவோட எப்பவும் கதைக்கலாம்." இவ்வளவும் போதும். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வழக்கு, சீதனம், யாரில் பிழை என்பதெல்லாம் அவன் காதுக்கு வேண்டாம்.

காசு வேறு விசயம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், வசதியுள்ள தகப்பன் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாபரிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். விவாகரத்தால் அந்தப் பொறுப்பு போய்விடாது. ஆள் வெளிநாட்டில் என்பதால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பேரனைக் கொண்டு மட்டும் காசு கேட்பிக்காதீர்கள்.

அம்மம்மாமார் பிள்ளை வளர்ப்பது எங்கள் மண்ணில் புதிதில்லை. 1707 இல் எழுதப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, தாயை இழந்த பிள்ளைகளின் தகப்பன் மறுமணம் செய்யப்போனால் தாயின் தாயோ கிட்டிய உறவினரோ பிள்ளைகளைப் பொறுப்பெடுப்பது வழமை என்று இருக்கிறது. தாயின் சொத்தையும், தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தில், பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு கொடுத்துவிடவும் வேண்டும். அது சாவு நடந்த வீட்டுக்கான வழமை. உங்கள் வீட்டில் சாவு நடக்கவில்லை. இரண்டு பேர் பிரிந்திருக்கிறார்கள். அப்பம்மா, பெரியப்பா, மச்சான்மார் எல்லாரும் அவனுக்கு இன்னும் அப்படியே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அவனைப் பிரிக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வட்டுக்கோட்டைக்கு அனுப்புங்கள். அதற்கு முதல் மகள் அவனோடு கதைத்து முடித்திருக்க வேண்டும். அப்புறம் சம்பந்திக்கு நீங்களே ஒரு கோல் எடுங்கள். பிள்ளைக்கு விசயம் தெரியும், அவனுக்கு முன்னால் என் மகளையும் உங்கள் மகனையும் பற்றி ஒரு கதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேரன்று அனுப்பினால் அன்றிரவு அங்கேயே தங்கட்டும்.