நரி வருமா?

வணக்கம் ஐயா,

குள்ளநரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் என் மாமனாருக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே டென்ட் போட்டுத் தங்கலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். அவள் இதுவரை பார்த்த விலங்குகள் தெருநாயும் பால்கனிப் புறாவும்தான். மாமியார் ஒரேயடியாக மறுக்கிறார். "நரி வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடும். அப்புறம் ஊரு உன்னைத்தான் கேக்கும்" என்கிறார். கணவர் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகலாமா?

ம.,
லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள ம.,

போகலாம். ஆனால் நரிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு தரையைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

குள்ளநரி எட்டு, பத்து கிலோ எடை இருக்கும். எலி, நண்டு, விழுந்த பழம், செத்த கோழி என்று கிடைத்ததைத் தின்று வாழ்கிற பிராணி. மனிதக் குரல் கேட்டாலே ஒதுங்கிப் போகும். வெறி பிடித்த நரி மட்டும் விதிவிலக்கு, அது பகலிலும் ஆளை நோக்கி வரும். அதைவிடத் தோப்பை ஒட்டித் திரிகிற நாய்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சாப்பாட்டுப் பொட்டலங்களை டென்ட்டுக்குள் வைக்காமல் காரில் பூட்டி வைத்தால் நரியும் வராது, நாயும் வராது. சாயங்காலம் ஊளை கேட்டால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் கேளுங்கள்.

மாமியார் சொன்னதில் இரண்டாவது பாதிதான் என்னை யோசிக்க வைத்தது. 1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில், உலுரு பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பத்தின் ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியாவை டிங்கோ என்கிற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது. தாய் லிண்டி சேம்பர்லின் அதைத்தான் கத்திச் சொன்னார். யாரும் நம்பவில்லை. டிவியில் அவர் அழவில்லை என்பதைக்கூடக் குற்றமாகப் பேசினார்கள். 1982இல் ஆயுள் தண்டனை. குழந்தையின் மேல்சட்டை டிங்கோக்கள் திரியும் இடத்தில் கிடைத்த பிறகு 1986இல் விடுதலை. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி உறுதியாகச் சொன்னது 2012இல். ஆக, ஊர் தாயைத்தான் கேட்கும் என்று உங்கள் மாமியார் சொல்வது லாஸ்பேட்டைக்கு மட்டும் உரிய நியாயம் இல்லை. டிங்கோ நம் நரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமான மிருகம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

சரி, தரைக்கு வருவோம். முந்திரித் தோப்பில் கால் வைத்தால் சருகு. அதற்குள் எது இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. நம் செம்மண் பக்கம் கட்டுவிரியன் உண்டு. பகலில் எங்கோ சுருண்டு கிடந்துவிட்டு ராத்திரியில் நடமாடும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல் என்று ஆரம்பிக்கும்போதுதான் வீட்டார் விழித்துக்கொள்வார்கள். அதனால் டென்ட்டை மரத்தடியில் போடாதீர்கள். முந்திரிக்கொட்டை காயவைக்கிற களம் இருக்குமே, அதைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு அங்கே போடுங்கள். அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்த டென்ட்டாக இருக்கட்டும், ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். காவல் கொட்டகையில் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனுக்கும் கொசுவுக்கும் சேர்த்து ஒரே வேலை முடிந்தது. டென்ட்டுக்குள் கொசுவர்த்தி மட்டும் கூடவே கூடாது.

தேள் இன்னொன்று. செந்தேள் பெரியவர்களைக் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். சின்னக் குழந்தையைக் கொட்டினால் இதயத்தையே பாதிக்கும். வியர்த்துக் கொட்டும், கைகால் சில்லிடும், வாந்தி வரும். அப்போது கைவைத்தியம், மந்திரிப்பு என்று எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்கிற சிற்றூரில் இருந்த டாக்டர் பாவஸ்கர் பிரசோசின் என்கிற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையால் இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். பாம்போ தேளோ, பண்ருட்டி அரசு மருத்துவமனைக்கு இருட்டில் எந்த வழியாகப் போவது என்று பகலிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கடலூரும் ஜிப்மரும் அதற்கு அப்புறம். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் புற ஊதா ஒளி டார்ச் விற்கிறார்களே, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக மினுங்கும். படுக்கும் முன் களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மகளையும் தோளில் வைத்துக்கொண்டு போகலாம், மினுங்குவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

மாசிக் கடைசி என்றால் முந்திரிப் பழம் விழ ஆரம்பித்திருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும். பச்சை முந்திரிக்கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் வாயும் உதடும் வெந்துபோகும். உங்கள் மாமனாரின் விரல்களைப் பாருங்கள், தெரியும். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தையும் எடுக்க விடாதீர்கள். என் கணக்கில் உங்கள் பயணத்தில் நடக்க வாய்ப்பு அதிகமுள்ள விபத்து இந்தக் கொட்டைதான். நரியைப் பற்றி ஒரு வாரம் பேசுகிற வீட்டில் இதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

அவளுக்கு எதைக் காட்டுவது? மயிலும் கீரியும் வரும், போகும். போட்டோவுக்காகப் பிள்ளையை மயிலை நோக்கி ஓடவிடுகிற பெற்றோர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும், நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வயதுக்கு ஏற்ற காட்டுவிலங்கு முசுறுதான், மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிற செவ்வெறும்பு. முந்திரி தாழ்ந்து படர்கிற மரம் என்பதால் செவ்வெறும்புக் கூடு இடுப்பில் இருக்கிற பிள்ளையின் கண்ணுக்கு நேராகவே தொங்கும். ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடித்திருக்கும். வேறு சில, தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவை விடுகிற பட்டு நூலால் இலைகளை ஒட்டும். குஞ்சை வைத்தே தையல் போடுகிற ஜீவன்! தொட்டால் கடிக்கும், நன்றாகவே கடிக்கும்.

அப்போது அவள் எறும்பைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். இந்த வயதில் எது பயப்பட வேண்டியது என்பதைப் பிள்ளைகள் அம்மா முகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் அலறினால் அவளும் அலறுவாள். "நில்" என்றால் சிலை மாதிரி நிற்கிற விளையாட்டை இப்போதிருந்தே வீட்டுக் கூடத்தில் விளையாடிப் பழக்குங்கள். பாம்பைக் கண்டால் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு சொல்தான்.

கிளம்பும் முன் மாமனாரிடம் ஒன்று கேளுங்கள். பூவெடுக்கும் காலத்தில் தேயிலைக் கொசுவுக்கு, அதாவது துளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சுகிற ஒரு பூச்சிக்கு, மருந்து அடிப்பார்கள். கடைசியாக எப்போது அடித்தார்? முசுறு நிறைய இருக்கிற மரத்தில் அந்தக் கொசு குறைவு என்பதால் சிலர் அடிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. அண்மையில் அடித்திருந்தார் என்றால் பயணத்தைப் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். களத்தைப் பெருக்கி வைக்கவும் அவரிடமே சொல்லிவிடலாம்.