வாசகர் கேள்வி – பதில்: பெயோவுல்ஃபிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கேள்வி: வெளிவாரிப் பட்டப்படிப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். பாடம் பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃபில் தொடங்கி, சோசர், மில்டன் வழியாக ஸ்விஃப்ட்டில் முடிகிறது. அந்தக் காவியத்தின் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. குறிப்புகளை மனனம் செய்து பரீட்சை எழுதிவிடலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: குறிப்புகளை மனனம் செய்து சித்தியடைந்தவர்கள் பலர் உண்டு; ஆனால் முன்பின் பாராத ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லும் வினாவில் அந்தக் குறிப்புகள் கைகொடுப்பதில்லை. பாடத்திட்டம் காலவரிசையில் இருக்கிறது என்பதற்காக வாசிப்பும் அவ்வாறே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பின்னிருந்து முன்னாக வாசியுங்கள் என்பதே என் யோசனை. பதினெட்டாம் நூற்றாண்டின் உரைநடை நாம் இன்று படிக்கும் ஆங்கிலத்துக்கு நெருக்கமானது. அதில் காலூன்றிய பிறகு பின்னோக்கிச் செல்வது எளிது.

எனவே ஸ்விஃப்ட் 1729இல் வெளியிட்ட ‘எ மொடஸ்ட் புரொபோசல்’ என்ற சிறு பிரசுரத்தை முதலில் எடுங்கள். அயர்லாந்தின் வறுமையைத் தீர்க்க வழி சொல்வதாக அதில் ஒருவர் பேசுகிறார். ஏழைப் பிள்ளைகள் 1,20,000 பேரில் 20,000 பேரை இனவிருத்திக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஒரு இலட்சம் பேரை ஒரு வயதானதும் செல்வந்தர்களுக்கு உணவாக விற்கலாம் என்று, குரலைச் சற்றும் உயர்த்தாமல், வரவு செலவுக் கணக்குப் போல அவர் எடுத்துரைக்கிறார். பெற்றோரில் பெரும்பாலானோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலவுடைமையாளர்களுக்கே பிள்ளைகளிலும் முதல் உரிமை என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் நின்று, பேசுகிறவர் யார், எழுதியவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பிரிவு புரிந்தால் அறிவொளிக்கால அங்கதத்தின் பாதி புரிந்த மாதிரி. செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் பெயர் பதிந்து, அரை நாள் சம்பளமாக அரைப் பேர் போட்டு, மனிதரை எண்ணிக்கையாகவே கணக்கிட்ட தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரலை அடையாளம் காண விரிவுரையாளர் தேவையில்லை.

மில்டனின் ‘பரடைஸ் லொஸ்ட்’ (1667) பத்தாயிரம் வரிகளுக்கு மேல் நீள்வது. முதலில் 1, 2, 9ஆம் காண்டங்கள் போதும். காவியத்தின் முதல் வாக்கியத்தில் ‘பாடு’ என்ற வினை ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலேய மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வினைமுற்றுக்காகக் கடைசிவரை காத்திருந்து பழகிய நமக்கு அது பெரிய தொல்லை அல்ல.

சோசரின் ‘கென்டர்பரி கதைகள்’, அவர் 1400இல் இறந்தபோது முடிவுறாமல் நின்ற நூல். வீரர், ஆலைக்காரர், கன்னியர் மடத்தலைவி, சமையற்காரர், ஐந்து முறை மணந்த பாத் நகரத்துப் பெண் எனப் பலரும் யாத்திரை வழியில் கதை சொல்கிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்தும் முன்னுரை அந்நியமாகத் தோன்றாது. அருஞ்சொல் விளக்கத்துடன் கூடிய பதிப்பாகத் தேடி எடுங்கள்.

கடைசியாகப் பெயோவுல்ஃப். 3,182 வரிகள், ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் படி மட்டுமே எஞ்சியுள்ளது, அதுவும் 1731இல் நேர்ந்த தீவிபத்தில் ஓரங்கள் கருகியது. இதை மொழிபெயர்ப்பில் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூலத்தின் சில வரிகளையாவது ஒலிப்பதிவில் கேளுங்கள். நான்காவது வரி ஏறத்தாழ ‘ஒஃப்ட் ஷ்யுல்ட் ஷேவிங் / ஷத்தெனா த்ரெயாட்டும்’ என்று ஒலிக்கும். இறுதி இயைபு கிடையாது. நடுவில் ஒரு நிறுத்தம். அதன் இருபுறமும் உள்ள அழுத்தம் பெற்ற சொற்களின் முதல் ஒலிதான் வரியைக் கட்டுகிறது. இது நம் மோனையின் உறவு. உயிரெழுத்துகளில் மட்டும் விதி வேறு: நம் யாப்பில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனமாகவும் இ, ஈ, எ, ஏ இன்னோர் இனமாகவும் நிற்க, பழைய ஆங்கிலத்தில் எந்த உயிரும் எந்த உயிரோடும் பொருந்தும். உயர்தரத்தில் தமிழ் எடுத்து யாப்பிலக்கணம் படித்திருந்தால், இந்தப் பத்தியை நீங்கள் குறிப்பேடு இல்லாமலேயே விடைத்தாளில் எழுதலாம்.

கேள்வி: அந்தக் கால ஆங்கில இலக்கியத்தில் நம் மலைநாடு எங்காவது வருகிறதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வருகிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற இளம் மாலுமி, கண்டி இராச்சியத்தின் மலைக்கிராமங்களில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டு, 1679இல் அநுராதபுரம் வழியாக, மன்னார்ப் பகுதியின் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவர். ஒரு முதியவரிடமிருந்த ஆங்கில பைபிளை அப்படிப் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்தே வாங்கினார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் றோயல் சொசைட்டியின் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக். டானியல் டிஃபோ தமது ‘கப்டன் சிங்கிள்டன்’ (1720) நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கியே சேர்த்திருக்கிறார்; ‘ரொபின்சன் குரூசோ’விலும் (1719) அதன் சாயல் உண்டென்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நொக்ஸின் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு பாகங்களில் நான்காவதுதான் அவருடைய சிறைவாழ்வையும் தப்பியதையும் கூறுவது, அதிலிருந்து தொடங்கலாம்.