ஏழை அண்டை நாடுகளில் வேலைவாய்ப்பை உருவாக்கினால் சட்டவிரோதக் குடியேற்றம் குறையுமா?

சுவருக்கும் எல்லைக் காவலுக்கும் அமெரிக்கா கொட்டும் பணத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் வேலைவாய்ப்பை உருவாக்கச் செலவிட்டால், அனுமதியின்றி எல்லை தாண்டுவோர் குறைய மாட்டார்களா என்பது கேள்வி. குறைவார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைவிட, அந்த வேலைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். அந்தப் பலன் கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகும். இடைப்பட்ட ஆண்டுகளில் குடியேற்றம் கூடவும் செய்யலாம். இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு வெறுமனே 'ஆம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், இது யாரும் முயன்று பார்க்காத யோசனை இல்லை. மெக்சிகோவின் வட எல்லையில் அறுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவருவது.

இரண்டாம் உலகப் போரின்போது பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதால், 1942இல் அமெரிக்கா, மெக்சிகர்களை வேலைக்கு வரவழைக்கும் 'பிராசெரோ' என்ற ஒப்பந்தத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியது. 1964இல் அது முடிவதற்குள் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. திட்டம் நின்றதும் எல்லையோர ஊர்களில் வேலையின்றித் திரண்டு நின்ற ஆண்களுக்காக, மெக்சிகோ அரசு 1965இல் எல்லைத் தொழில்மயத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உதிரி பாகங்களைத் தீர்வையின்றி இறக்குமதி செய்து, மெக்சிகோவில் பொருத்தி, மீண்டும் அமெரிக்காவுக்கே அனுப்பும் 'மக்கிலாதோரா' ஆலைகள் இப்படித்தான் பிறந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் இவற்றில் சுமார் 13 லட்சம் பேர் வேலை பார்த்தனர். வேலை உருவானதா என்றால், ஐயமின்றி உருவானது. ஆனால் ஆலைகள் தேடித்தேடி எடுத்ததோ இளம்பெண்களை. பண்ணையிலிருந்து திரும்பிய ஆண்கள் வாயிலுக்கு வெளியிலேயே நின்றார்கள். தெற்கு மாநிலங்களின் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களை இந்த ஆலைகள் எல்லைக்கோட்டின் விளிம்பு வரை அழைத்து வந்துவிட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்த விளிம்பில் கூலி எப்படி இருந்தது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகருக்கும் டெக்சாஸின் எல் பாசோவுக்கும் இடையே ஓர் ஆறும் சில பாலங்களும்தான் உள்ளன. 2018இல் மெக்சிகோவின் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 88.36 பெசோ, அதாவது ஐந்து டாலருக்கும் குறைவு. ஆறு தாண்டினால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆலைகள் குறைந்தபட்சத்துக்கு மேல் சற்றுக் கூட்டித் தந்தன என்று வைத்துக்கொண்டாலும், இங்கே ஒரு முழு நாள் நின்று உழைப்பவருக்குக் கிடைப்பதை அக்கரையில் இருப்பவர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஈட்டிவிடுகிறார். இந்த இடைவெளியைத் தினமும் கண்ணெதிரே பார்ப்பவரிடம் "உனக்குத்தான் வேலை கொடுத்துவிட்டோமே" என்று சொல்லி என்ன பயன்?

இரண்டாவது பாடம், 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். மெக்சிகோ மனிதர்களை ஏற்றுமதி செய்வதற்குப் பதிலாகப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் என்பதுதான் இரு அரசுகளும் அப்போது மக்களுக்குச் சொன்ன வாக்குறுதி. ஆலை வேலைகள் பெருகியது உண்மை. ஆனால் மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் எல்லை தாண்டி வந்து குவிய, இரண்டு மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிட்டுப் பிழைத்த குடியானவருக்கு விலை கட்டுப்படியாகாமல் போனது. 1990களின் தொடக்கத்தில் சுமார் 80 லட்சமாக இருந்த விவசாய வேலைகள், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60 லட்சத்துக்கும் கீழே இறங்கின. போதாக்குறைக்கு, 1994 டிசம்பரில் பெசோ சரிந்து சில மாதங்களில் ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்தது. 1995இல் சுமார் 29 லட்சமாக இருந்த, அமெரிக்காவில் ஆவணமின்றி வாழும் மெக்சிகர்களின் எண்ணிக்கை, பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2007இல் 69 லட்சமாக உயர்ந்தது. ஒரு கையால் கொடுத்த வேலையை மறு கை பறித்துக்கொண்டது என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

இப்படி நடக்கலாம் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் ஒன்று, 1990இல் தன் அறிக்கையைத் தந்தது. சொந்த நாட்டின் பொருளாதார வளர்ச்சியே நிலையான தீர்வு என்றும், ஆனால் அந்த வளர்ச்சியே குறுகிய காலத்தில் வெளியேற்றத்தைத் தூண்டும் என்றும் அது தெளிவாகக் கூறியது. காரணம் எளிது. தரகருக்குப் பல ஆயிரம் டாலர் கட்டினால்தான் எல்லை தாண்ட முடியும் என்ற நிலையில், பரம ஏழையால் புறப்படவே முடியாது. கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் சேர்த்து, அடகு வைக்க ஒரு துண்டு நிலமாவது உள்ளவரே பயணம் கிளம்புகிறார். வருமானம் மேலும் உயர்ந்து, சொந்த ஊரிலேயே எதிர்காலம் தெரியத் தொடங்கிய பிறகுதான், அதுவரை ஏறிய குடியேற்றத்தின் வரைகோடு கீழே திரும்புகிறது. பொருளியலாளர்கள் இதைக் 'குடியேற்றத் திமில்' என்கிறார்கள்.

மெக்சிகோவில் அந்தக் கோடு திரும்பவே செய்தது; அதனால்தான் இந்த யோசனையை நான் கைவிடவில்லை. 2000ஆம் நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகர்கள். 2011இல் மொத்தமே சுமார் 3.3 லட்சம்தான். ஆவணமின்றி வாழும் மெக்சிகர்களின் எண்ணிக்கையும் 2022இல் சுமார் 40 லட்சமாகக் குறைந்திருந்தது. 2008இல் அமெரிக்கக் கட்டுமானத் துறை படுத்ததும் எல்லைக் கெடுபிடியும் இதற்கு ஓரளவு காரணம். ஆனால் 1970இல் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் என்றிருந்த மெக்சிகோவில் அது இரண்டை ஒட்டி வந்துவிட்டதால், வேலை தேடும் இளைஞர் கூட்டமே மெலிந்துவிட்டது என்பதும், பள்ளிப் படிப்பும் நகர வேலைகளும் பெருகின என்பதும் அதைவிட ஆழமான காரணங்கள் என்பது என் கருத்து. (எல்லைக் கெடுபிடிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. முன்பு அறுவடைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிய தொழிலாளி, 1993, 1994இல் எல் பாசோவிலும் சான் டியேகோவிலும் காவல் இறுகிய பிறகு, திரும்பிப் போனால் மறுபடி வர முடியாதே என்று அஞ்சி அங்கேயே தங்கிவிட்டார், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்.) ஐரோப்பாவிலும் இத்தகைய திருப்பத்தைக் காணலாம். ஆள் அனுப்பும் நாடாக இருந்த ஸ்பெயின், 1986இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்து வளர்ச்சி நிதியைப் பெற்றது. பின்னர் ஆள் எடுக்கும் நாடாகவே மாறிவிட்டது.

குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய மூன்று நாடுகளின் நிலை வேறு. 2021இல் அமெரிக்க அரசு, குடியேற்றத்தின் மூல காரணங்களைக் களைய நான்கு ஆண்டுகளில் 400 கோடி டாலர் என்று அறிவித்தது. இந்த மூன்று நாடுகளிலிருந்து சென்றவர்கள் 2023 என்ற ஒரே ஆண்டில் ஊருக்கு அனுப்பிய பணம் 3500 கோடி டாலருக்கும் மேல். வீடு கட்டுவதும் பிள்ளையைப் படிக்கவைப்பதும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. அதற்கு ஈடான வருமானம் உள்ளூர் வேலையிலேயே கிடைக்க வேண்டுமானால், அறிவித்த அந்த உதவி யானைப் பசிக்குச் சோளப்பொரி. அத்துடன், அங்கே பலர் வெளியேறுவது வேலையின்மையால் மட்டும் அன்று. ஹோண்டுராஸில் ஒரு பெட்டிக்கடைக்காரரோ பேருந்து உரிமையாளரோ தெருக் கும்பலுக்கு வாராவாரம் மாமூல் கட்ட வேண்டியிருந்தது. கட்டத் தவறினால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் கடன் கொடுத்துக் கடை வைத்துத் தந்தால், கும்பலுக்கு இன்னொரு வசூல் முகவரி கிடைக்கும், அவ்வளவுதான். குவாத்தமாலாவின் மலைச்சரிவுகளில் 2012க்குப் பிறகு காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தது. 2019 வாக்கில் உலகச் சந்தை விலையும் பவுண்டுக்கு ஒரு டாலரை ஒட்டி விழுந்தது. காப்பி விவசாயிக்கு அப்போது உடனடித் தேவையாக இருந்தவை, நோய் தாங்கும் நாற்றும் கட்டுப்படியாகும் விலையும்தான்.

கேள்வியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை அமெரிக்காவிலும்தான் காத்திருக்கிறது. பண்ணைத் தொழிலுக்கான 'எச்-2ஏ' விசா பருவகால வேலைக்கு மட்டுமே பொருந்தும். பால் பண்ணையிலோ மாடுகளை ஆண்டு முழுவதும், நாள் தவறாமல் கறக்க வேண்டும். அதனால் பால் பண்ணைக்காரர் வெளிநாட்டுக் கறவையாளரை அந்த விசாவில் எடுக்க வழியில்லை; ஆவணமற்றவரை வைத்துத்தான் பல பண்ணைகள் ஓடுகின்றன. ஹோண்டுராஸில் ஆலை திறப்பதோடு, இப்படிப்பட்ட வேலைகளுக்குச் சட்டப்படி வந்து, உழைத்து, திரும்பிப் போக ஒரு வழியையும் திறந்தால், தலைமுறைக் காலக் காத்திருப்பில் தரகரின் கையில் சிக்குபவர்கள் குறைவார்கள். பாலைவனத்தில் தாகத்தால் செத்து விழுவோரும் குறைவார்கள். எனக்கு இது வெறும் கொள்கை விவாதமாகத் தோன்றாததற்கு அந்தச் சாவுகளே காரணம்.

கூலியை உயர்த்தும் வழி என்ன என்பதற்கு அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. 2019இல் மெக்சிகோ தன் எல்லை மண்டலத்தில் குறைந்தபட்சக் கூலியை ஒரே அடியாக இரட்டிப்பாக்கியது. 2020இல் பழைய வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பதிலாக வந்த புதிய ஒப்பந்தம், தொழிற்சங்க உரிமை மறுக்கப்படும் குறிப்பிட்ட ஆலையின் மீதே விரைந்து புகார் கொடுக்க வழி செய்தது. அதன் பயனாக, சிலாவோ நகரிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் நிர்வாகத்துக்கு இணக்கமான பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை 2021இல் வாக்களித்து நிராகரித்தனர். 2022இல் சுயேச்சையான சங்கத்தைத் தேர்ந்தெடுத்து 8.5 விழுக்காடு கூலி உயர்வும் பெற்றனர். மத்திய அமெரிக்காவுடன் 2006 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தில் இந்த வசதி இல்லை. குவாத்தமாலாவில் தொழிலாளர் சட்டம் அமலாகவில்லை என்று அமெரிக்கா அதன் கீழ் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, அந்த மீறல்கள் வர்த்தகத்தைப் பாதித்ததாக நிரூபிக்கப்படவில்லை என்ற காரணத்தால் 2017இல் தோற்றது. அங்கே புதிய ஆலைகளுக்குப் பணம் ஒதுக்கும் முன், அந்த ஒப்பந்தத்தில் சிலாவோ தொழிலாளர்களுக்குக் கைகொடுத்த விதியைச் சேர்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.