ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீளமான ஆங்கிலச் சொல்லைத் துண்டு போட்டுப் படித்தால் பொருளும் எழுத்தும் மனதில் நிற்கும் என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் சொல்லிவந்தேன். ஹெலிகாப்டரை 'ஹெலி', 'காப்டர்' என்று பிரித்துக் காட்டினேன். அகராதியில் நாலு துண்டாக இருக்கிறதே, ஹெலி என்றால் என்ன, காப்டர் என்றால் என்ன என்று கேட்டாள். விழித்தேன். எது சரி?

கே.

அன்புள்ள கே.,

அகராதி ஓசையைப் பிரித்திருக்கிறது. நீங்கள் பொருளைப் பிரிக்கப் போய், கத்தியை வேறு இடத்தில் வைத்துவிட்டீர்கள்.

ஓசைக்கு ஹெ-லி-காப்-டர். பொருளுக்கு இரண்டே துண்டு: ஹெலிகோ, ப்டெர். கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் திருகுசுருள், ப்டெரான் என்றால் சிறகு. 1861இல் ஒரு பிரெஞ்சுக்காரர் ஒட்டவைத்த சொல் இது. இதில் வேடிக்கை, ஓசையின் வெட்டு சிறகின் நட்டநடுவே விழுகிறது. 'ப்' இந்தப் பக்கம், 'டர்' அந்தப் பக்கம். அப்படி உடைந்ததால்தான் அந்த 'ப்' பிழைத்தது. டைனோசர் காலத்தில் பறந்த டெரோடாக்டிலும் இதே சிறகுதான். ஆனால் அங்கே சொல்லின் தொடக்கத்தில் வருகிறது. ப், ட் இரண்டையும் ஒட்டிச் சொல்லித் தொடங்க ஆங்கில நாக்குக்கு வராது. எழுத்தில் 'ப்' இருக்கும், பேச்சில் இருக்காது.

உங்களைப் போலத்தான் ஊரும் பிரித்தது. ஹெலிபேட், நாலு விசிறி ட்ரோனான குவாட்காப்டர் எல்லாம் அப்படிப் பிறந்தவை. ஹாம்பர்க் என்ற ஜெர்மன் நகரத்தின் பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரில் 'பர்கர்' தனியே கழன்று சீஸ்பர்கரானதும் இப்படித்தான். முருங்கைப் போத்து மாதிரி, எங்கே வெட்டி நட்டாலும் துளிர்க்கிறது.

ஒரே சொல்லை இரண்டு விதமாக வெட்டுவது நம் பள்ளியிலும் உண்டே. 'வந்தனன்' யாப்பில் வந்/தனன், நேர் நிரை, கூவிளம். பகுபத உறுப்பிலக்கணத்தில் வா+த்(ந்)+த்+அன்+அன். இரண்டில் எது சரி என்று நாம் கேட்டதில்லை. (யாப்பின் அசையும், சிலபிள் என்கிற ஆங்கில ஓசைத் துண்டும் ஒன்றல்ல, நிரையசையில் இரண்டு சிலபிள் இருக்கும். அது தனிக்கதை.)

ஆக, ஸ்பெல்லிங்குக்கு ஓசைத் துண்டு, பொருளுக்கு வேர்த் துண்டு. மகளுக்கு ஒரு சொல் தருகிறேன்: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்து, 19 சிலபிள். நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி நோய் என்று வெட்டிவிட்டால் பயம் போய்விடும். 1935இல் அமெரிக்கப் புதிர் சங்கம் ஒன்றின் தலைவர் வேண்டுமென்றே நீட்டிக் கட்டிய சொல் அது. டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.