மூச்சு பட்டால் துள்ளும் பச்சைத் தூள்

கேள்வி: ஓடைக்கரையில் இலையும் பூவும் இல்லாத ஒரு செடியைப் பார்த்தேன். தண்டு கணுக்கணுவாக இருந்தது. இழுத்தால் கணுவில் கழன்று வந்தது. டைனோசர் காலத்துச் செடி என்கிறாள் அக்கா. உண்மையா ஐயா?
– ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: அக்கா சொன்னது சரிதான், ஆனால் வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டாள். நீ பார்த்தது ஈக்விசீட்டம். குதிரை, முரட்டு மயிர் என்னும் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்த பெயர் அது. தமிழில் குதிரைவால் என்கிறோம். குதிரைவாலித் தானியம் வேறு. அது பூத்து மணி பிடிக்கும் புல் வகை. குதிரைவாலுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை.

இதன் உறவுக்காரச் செடியான கலமைட்டீஸ், ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சதுப்புநிலங்களில் 30 மீட்டர் உயரம் வரை மரமாகவே நின்றது. டைனோசர்கள் வந்தது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் காடுகள் மண்ணில் புதைந்து நிலக்கரியாயின. அந்தப் பெரிய வம்சத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஈக்விசீட்டம் என்ற ஒரே பேரினம். அதில் இருபதுக்கும் குறைவான இனங்களே உள்ளன.

இலையே இல்லை என்கிறாயே, மறுபடி போய்ப் பார். ஒவ்வொரு கணுவிலும் பல்வரிசை போல ஒரு சிறு உறை இருக்கும். அந்தப் பற்கள்தாம் இலைகள். உணவு தயாரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. தண்டை விரலால் வருடினால் சொரசொரக்கும். மணலில் உள்ள சிலிக்கா அதன் தோலிலும் படிந்திருப்பதே காரணம். பாத்திரம் துலக்க இதைப் பயன்படுத்திய காலமும் உண்டு.

நான் உன்னை அனுப்ப விரும்புவது இதற்கெல்லாம் அல்ல. தண்டின் நுனியில் கூம்பு இருக்கிறதா என்று தேடு. அறுகோணத் தகடுகளை நெருக்கி அடுக்கியது போல இருக்கும். முற்றியதும் தகடுகள் விலகி இடைவெளி தெரியும். அப்போது ஒரே ஒரு கூம்பை ஒரு தாளில் தட்டு. பச்சைத் தூள் உதிரும். அதுதான் ஸ்போர்; விதைக்குப் பதிலாக இந்தச் செடி இனம் பெருக்கும் நுண்துகள். பள்ளி நுண்ணோக்கியில் அதை வைத்து, பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சு விடு. ஒவ்வொரு துகளிலும் நான்கு நாடாக்கள் விரிந்திருக்கும். ஈரம் பட்டதும் அவை சுருண்டு துகளைக் கட்டிக்கொள்ளும். காய்ந்ததும் மறுபடி விரியும். விரியும் வேகத்தில் சில துகள்கள் துள்ளியே விழும். கல்லூரியில் முதன்முதலாக அதைப் பார்த்த அன்று, மணி அடித்தும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இத்தனை ஆண்டுகள் தாவரவியல் கற்பித்த பிறகும் அந்தத் துள்ளல் எனக்குச் சலிக்கவில்லை.

ஒன்று மட்டும் நினைவில் கொள்: ஸ்போர்கள் சில நாள்களே உயிரோடு இருக்கும். பறித்த அன்றே பார்த்துவிடு.

கேள்வி: குதிரைவாலைத் தோட்டத்தில் நடலாமா?
– அதே மாணவியின் அக்கா

பதில்: தரையில் வேண்டாம். மண்ணுக்கடியில் கிடையாக வளரும் அதன் மட்டத்தண்டு ஆழத்தில் ஓடிப் பரவும். பிடுங்கினால் அறுந்த துண்டெல்லாம் முளைக்கும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் ஈரமண் நிரப்பி வையுங்கள். குதிரைகள் மேயும் இடமென்றால் அதுவும் வேண்டாம். பெயரில் குதிரை இருந்தாலும் குதிரைக்கு அது நஞ்சு.