இரண்டு மாதத்தில் சோர்ந்துபோன ஹெட்போன் பற்றரி: கடைக்காரர் பொறுப்பில்லையா?

கேள்வி: கல்முனையில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கினேன். பெட்டியில் ‘30 மணித்தியாலம்’ என்று போட்டிருக்கிறது. நாளுக்கு நாலு மணித்தியாலம்தான் பாவிப்பேன். இரண்டு மாதத்துக்குள்ளேயே, முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் ஐந்து மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. ஒரு வருட வொரன்டி அட்டை கையில் உண்டு. “பற்றரி தேயிற சாமான், அதுக்கு வொரன்டி இல்லை” என்கிறார் கடைக்காரர். (வாசகர், மருதமுனை)

பதில்: முதலில் பற்றுச்சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் முறையிட, விற்பனை நடந்து மூன்று மாதம்தான் அவகாசம். கடைக்காரர் “அடுத்த கிழமை வாங்க” என்று இழுக்க இழுக்க உங்கள் உரிமைதான் கரைகிறது.

பற்றரி தேயும் என்பது உண்மை. லிதியம் அயன் பற்றரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை தாங்கி, அதன் பிறகும் ஏறத்தாழ 80 வீதம் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போடுங்கள்: அறுபது நாளில் 240 மணித்தியாலம். பெட்டியில் சொன்னபடி உழைத்திருந்தால் அது வெறும் எட்டு முழுச் சார்ஜ். எட்டுச் சார்ஜில் ஆறில் ஒரு பங்குக்கு இறங்குவது தேய்மானமல்ல, பழுது. முறைப்பாட்டில் இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள். (காதுக்குள் வைக்கும் சின்ன இயர்பட் என்றால் வாதம் இவ்வளவு பலமாக இராது. அதன் பற்றரி மிகச் சிறியது. தினமும் சார்ஜ் ஏறுவதால் இரண்டு வருடத்தில் சோர்வது இயல்பு.)

அடுத்தது சாட்சி. பெட்டியில் போடும் மணித்தியாலம் பெரும்பாலும் நடுத்தரச் சத்தத்தில், இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்தி வைத்து அளந்தது. நீங்களும் அப்படியே முழுச் சார்ஜிலிருந்து அணையும்வரை ஓடவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் கடிகாரம் தெரிய வீடியோ எடுங்கள். வேறு கேபிளில் சார்ஜ் ஏற்றி இன்னொரு தடவை அளந்தால், ‘கேபிள் பிழை’ என்ற பதிலுக்கும் இடமில்லை. ஹெட்போனை மட்டும் கழற்றிவிடாதீர்கள். வெளியில் திறந்தது என்று சொல்லி வொரன்டியை மறுப்பார்கள்.

வொரன்டி அட்டையில் ‘பற்றரி நீங்கலாக’ என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் வாசியுங்கள். இல்லையென்றால் கடைக்காரரின் வாய்ப்பேச்சு அட்டையை மாற்றாது. அப்படி அச்சிட்டிருந்தாலும் சோர வேண்டாம்: 13ஆம் பிரிவு வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்தோடு உட்கிடையான (எழுதிக் கொடுக்காவிட்டாலும் விற்பனையோடு கூடவே வரும்) உத்தரவாதத்தையும் சேர்த்தே பேசுகிறது.

கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு ஏழு நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பற்றுச்சீட்டு, அட்டை, பெட்டியின் படம், கடிதப் பிரதி எல்லாவற்றோடும் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் எழுத்து முறைப்பாட்டை விட்டுவிடாதீர்கள். விசாரணையில் உங்கள் பக்கம் நிரூபணமானால் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு செலுத்தவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.