நடக்க முடிந்தால் முறிவு இல்லையா?

கேள்வி: வயல் வரம்பில் சறுக்கி உம்மாவின் பாதம் உள்ளே மடங்கிவிட்டது. நொண்டி நடக்கிறா. நோவெண்ணெய் பூசி உருவினால் போதுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உருவவே வேண்டாம் மகள். முறிவு இருந்தால் எலும்பு விலகும், வீக்கமும் கூடும். நடப்பதை வைத்தும் தீர்மானிக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உள்பக்கத்துத் தடித்த எலும்புதான். வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு முறிந்தாலும் சிலர் நடப்பார்கள்.

விரலால் அழுத்திப் பாருங்கள். முதலில் கணுக்காலின் இரு புடைப்புகளின் பின்விளிம்பு. நுனியிலிருந்து மேலே 6 சென்ரிமீற்றர் வரை. பிறகு பாதத்தின் வெளியோரம்: சின்னவிரலிலிருந்து குதிகால் பக்கம் தடவிப் போனால் பாதிவழியில் ஒரு முண்டு தட்டுப்படும். பாதம் உள்ளே மடங்கும்போது தசைநார் சுண்டி இழுப்பதால், பாதத்தின் 26 எலும்புகளில் இந்த இடம் அடிக்கடி முறியும்; வெறும் சுளுக்கென்று விட்டுவிடுவார்கள். கடைசியாக, உட்புறத்தில் கணுவுக்குச் சற்று முன்னுள்ள எலும்பு.

எங்காவது எலும்பின் மேலேயே நொந்தால், அல்லது நாலடி வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே அவசியம். அதுவரை துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்; காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். உம்மாவுக்குச் சலரோகம் இருந்தால் நோவு தெரியாமலே முறிந்திருக்கலாம், சோதிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.